ஈரத்தலையும் தெற்குப் பக்க யன்னலும்

என் தங்கச்சி எனக்கு ஒரு ஹெயார் ட்ரையர் தந்தாள். சிவப்பு நிறம், மடக்கி வைக்கக்கூடிய பிடி. அதை இரண்டு கையாலும் வாங்கி, "என்னத்துக்கு புள்ள இதெல்லாம்?" என்று மனம் குளிர்ந்து கேட்டவள் நான்தான். அந்தக் குளிர்ச்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

எனக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி இருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. என்னைக் கட்டிய மாப்பிள்ளையும் வீட்டுப் பெண்களும் தவிர அதைக் கண்டவர் யாருமில்லை, பெருமையடித்து எனக்கு என்ன கிடைக்கப்போகிறது? ஆனால் நீண்ட முடி வைத்திருப்பவளுக்குத்தான் தெரியும், கழுவுவது ஒரு வேலை என்றால் காயவைப்பது நாலு வேலை. தலையைத் துவாயால் பரபரவென்று தேய்ப்பவர்களைக் கண்டால் அந்தத் துவாயைப் பிடுங்கிவிடலாமா என்றிருக்கும். ஈர முடி இழுபடும். இழுபட்டது பிறகு அறும். துவாயே கூடாது. ஆண்கள் இடுப்பில் உடுத்து உடுத்து மெத்தென்று போன பழைய சாறன்தான் நல்லது. அதில் முடியைப் பொதிந்து, முறுக்காமல், உள்ளங்கையால் அமர்த்தி அமர்த்தித் தண்ணீரை எடுக்க வேண்டும். சீப்பைத் தொடக்கூடாது. விரலால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, முதுகில் பரத்திவிட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அதுவும் எந்த வெயிலும் சரிவராது. மத்தியான வெயில் முடியை முறியவைக்கும். கச்சான் வீசும் மாதங்களில் அந்த மேல்காற்றில் உட்கார்ந்தால் கால் மணித்தியாலத்தில் காயும், தொட்டால் வைக்கோல். எனக்குப் பிடித்தது காலை ஆறு மணிக்கு மேல் வரும் வெயில்.

அந்த வெயில் எங்கள் கிணற்றடியில் விழும். குசினிக்கும் வடக்கு மதிலுக்கும் இடையில் ஒரு துண்டு முற்றம், சுற்றிவர ஆள் உயரத்துக்கு மேல் மதில். ஒரு குடும்பப் பெண்ணுக்கு சுபஹுத் தொழுகைக்கு முன்னமே தலை முழுக வேண்டிய நாட்கள் வரும், அதற்கு விளக்கம் தேவையில்லை. அந்த நாட்களிலும் ஆறு மணிக்கு நான் கிணற்றடிக்கு வந்து உடுப்புத் தோய்க்கும் கல்லில் உட்கார்ந்துவிடுவேன். ஏழு மணிக்கு ஓட்டோ வரும். நான் ஆசிரியை, கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஓட்டோ வருவதற்குள் முடி காய்ந்து, தளரப் பின்னி, ஸ்காப்பைக் குத்தி, ஹபாயாவைப் போட்டு வாசலில் நிற்பேன். அந்த ஒரு மணித்தியாலத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள்.

மதிலுக்கு அந்தப்பக்கம் தங்கச்சியின் வீடு. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. உம்மாவின் வளவில் பழைய வீடு எனக்கு, வடக்குத் துண்டில் கட்டிய புதிய வீடு அவளுக்கு. மாப்பிள்ளைமார் இருவரும் வந்து குடியேறியவர்கள். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் பதினொன்றரைக்கே விட்டுவிடும். நான் வந்து தலை முழுகி முடிக்க, ஊரிலுள்ள ஆண்கள் அத்தனை பேரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருப்பார்கள். தெருவே பெண்களுக்கு. அவள் மதிலின் சின்னக் கதவால் வருவாள். குசினி நிழலில் நான் அவள் தலையைச் சாறனில் பொதிந்து அமர்த்துவேன், அவள் என் தலையை. ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் ஓடிக்கொண்டிருக்கும், கேட்பது போல முகத்தை வைத்துக்கொண்டு ஊர்க் கதை கதைப்போம். முடியைப் பற்றி நான் மேலே சொன்ன அத்தனையும் அவளுக்கும் தெரியும். இதை நீங்கள் மறக்கக்கூடாது, நானும் மறக்கவில்லை.

அவளுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்ததும் மேல்மாடி கட்ட யோசித்தார்கள். படிக்கட்டுக்கு இடம் போதவில்லை. என் முற்றத்தில் நாலடி கேட்டாள். என் மாப்பிள்ளை, "யோசிச்சுக் குடு" என்றார். தங்கச்சிக்கு நாலடி கொடுக்க என்ன யோசனை என்று நான் அவரோடு சண்டை பிடித்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், அதுவும் உம்மாவை வைத்துக்கொண்டு.

"மேல எழுப்புறது எழுப்பு. இந்தப் பக்கம் மட்டும் யன்னல் வெச்சிராத. எனக்குத் தல காயவெக்க வேற இடமில்ல."

"அல்லாவுக்காக ராத்தா, ஒரு ஓட்ட கூட வெக்க மாட்டன்," என்றாள். உம்மா, "கேட்டுத்தானே இரிக்கன்" என்றார். மதிலை உடைத்து நாலடி உள்ளே தள்ளிக் கட்டினார்கள். தோய்க்கும் கல்லை நானே ஒரு கரையில் நகர்த்தினேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கிணற்றடியில் கால் கழுவப் போனால், மேலே பாதி எழும்பிய தெற்குச் சுவரில் மரநிலை பொருத்தியிருக்கிறது. சின்ன யன்னல் இல்லை, இரட்டைக் கதவு யன்னல். நேரே கீழே என் தோய்க்கும் கல். ஹபாயாவைக் கூடக் கழற்றாமல் அவளிடம் ஓடினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் என்ன ராத்தா செய்ற? இவர் கேக்குறாரில்ல. காத்து வரோணுமாம், இல்லாட்டி அறை வேகுமாம். ஆம்புளைக்கிட்ட எத்தின தரம் சொல்லுற?"

"வாக்குத் தந்தாயே."

"தந்த நான்தான். கட்டுறது அவர்தானே."

அவள் கண் கலங்கியது. நான் அதை நம்பினேன். பாவம், மாப்பிள்ளையின் சொல்லுக்கும் என் சொல்லுக்கும் நடுவில் கிடந்து நசுங்குகிறாள் என்று எண்ணி, அவள் தலையைத் தடவிவிட்டுத்தான் வந்தேன். கோபமெல்லாம் அவள் மாப்பிள்ளை மேல் திரும்பியது. நல்ல மனிதர் என்று நினைத்திருந்தேனே, என் முற்றத்தில் நாலடியையும் வாங்கிக்கொண்டு என் தலைக்கு மேல் கண்ணையும் வைத்துவிட்டாரே என்று மனம் எரிந்தது. தங்கச்சியின் மாப்பிள்ளை எனக்கு அந்நிய ஆண். அவர் எந்த நேரம் வந்து நிற்பார் என்று தெரியாத யன்னலுக்குக் கீழே நான் எப்படித் தலை திறந்து உட்காருவது? யன்னல் பூட்டித்தான் கிடக்கும் என்று தங்கச்சி சொன்னாள். பூட்டிய யன்னலும் யன்னல்தானே.

அதன் பிறகு வந்ததுதான் அந்த ட்ரையர். பெட்டியோடு கொண்டுவந்தாள். "இனி வெயிலும் வாணாம், முற்றமும் வாணாம் ராத்தா. அஞ்சு நிமிசத்தில காயும்," என்றாள். பெட்டி முன்னமே பிரிபட்டிருந்தது. பின்பக்கத்துக் காற்று இழுக்கும் வலையில் ஒரு நீண்ட முடி சுற்றிக் கிடந்தது. கடையில் யாரோ பிடித்துப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணி, அதை எடுக்கக்கூட இல்லை. அவள் என்னை நினைத்து ஒன்று வாங்கியிருக்கிறாளே என்ற சந்தோசம்தான் எனக்கு.

அந்த மெஷினைச் சொட்டச் சொட்ட ஈரமாயிருக்கும் தலையில் பிடிக்கக்கூடாது, ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும், சூட்டைக் குறைத்துக் கடைசியில் குளிர் காற்றால் முடிக்க வேண்டும், இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரியாது. ஓட்டோ வந்து ஹோன் அடிக்கும், நான் ஆகக் கூடிய சூட்டில் தலையோடு ஒட்டிப் பிடிப்பேன். ஒரு வாடை வரும், இறால் கூனி வறுக்கும்போது வருமே அந்த வாடை. அது என் முடி என்று விளங்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது. நுனி பிளந்தது. நடு முடியில் வெள்ளைப் புள்ளிகள் வந்தன, அந்த இடத்தில் மடித்தால் ஓசையில்லாமல் அறும். தோளிலிருந்து எடுத்து எடுத்து என் கை ஓய்ந்தது.

மெஷினை நிறுத்தினேன். அதைவிடப் பெரிய பிழை அடுத்தது. ஈரத்தோடு கொண்டை போட்டு, அதன் மேல் உள்தொப்பி, அதன் மேல் ஸ்காப், இரண்டு மணி வரை அப்படியே. எங்கள் பக்கத்தில் படித்த பெண்கள் பாதிப் பேர் செய்கிற பிழைதான் இது, வெளியில் சொல்லமாட்டார்கள். வெளியே ஒழுங்காக இருக்கும், உள்ளே தலை அவியும். மாரியில் அது இன்னும் மோசம். ஒருநாள் என் மகள் மடியில் படுக்க வந்தவள், மூக்கைச் சுளித்து எழும்பிவிட்டாள். "உம்மா, உங்கட தல பழைய துணி மாதிரி மணக்குது." பிள்ளை உள்ளதைச் சொன்னது. நான் குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் மட்டும் பயமில்லாமல் முற்றத்தில் உட்காருவேன். கிழமையில் ஒரு மணித்தியாலம் எதற்குக் காணும்? தங்கச்சியும் இப்போது வருவதில்லை. பிள்ளைகள், சமையல், ஏதாவது ஒரு சாட்டு. தனியே உட்கார்ந்து என் தலையை நானே அமர்த்துவேன். மேலே யன்னல் பூட்டித்தான் கிடக்கும். அதற்குக் கீழே சுவரில் நீளமாக ஒரு ஈரக் கறை இறங்கியிருக்கும். யன்னல் கழுவுகிறார்களாக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. இந்த இரண்டு வருடமும் தங்கச்சியின் மாப்பிள்ளையோடு நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் ஸலாம் சொன்னால் பதிலை மட்டும் வாய்க்குள் சொல்வேன். நோன்பு காலத்தில் அவர் வீட்டுக்குக் கஞ்சி அனுப்பினால், அவருக்கு விருப்பமான இறைச்சிக் கஞ்சி வைத்த நாளைத் தவிர்த்து அனுப்புவேன். அவர் காய்ச்சலில் ஒரு கிழமை கிடந்தபோது போய்ப் பார்க்கவில்லை. இவ்வளவு சின்னத்தனம் எனக்குள் இருந்தது என்பதை நானே எழுதத்தான் வேண்டும். தங்கச்சி வரும்போதும் ஸ்காப்பைக் கழற்றாமல் இருந்து பழகிவிட்டேன். அவளுக்கு என் தலையின் நிலைமை தெரியக்கூடாது, தெரிந்தால் மாப்பிள்ளையோடு சண்டை பிடிப்பாள், குடும்பம் குலையும் என்று அவளுக்காக ஒளித்தேன்.

கடைசியில் கத்தரியை எடுத்தேன். பின்னல் எலிவால் அளவுக்கு மெலிந்து, ஒவ்வொரு முழத்திலும் ஒவ்வொரு நீளமாய் அறுந்து நின்றது. கண்ணாடி முன் நின்று கழுத்தோடு வெட்டினேன். மகள் பின்பக்கத்தைச் சமப்படுத்தினாள். மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "பரவாயில்ல, சுகமா இரிக்கும்," என்றார். அது சுகம்தான், சாறனால் ஐந்து நிமிடம் அமர்த்தினால் காய்ந்துவிடும். அன்றைக்கு முழுக்க நான் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெட்டி ஒரு மாதம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் வருவது போல இருந்ததால் லீவு சொல்லிவிட்டுப் பத்து மணிக்கே வந்துவிட்டேன். முன்வாசலைத் திறக்கச் சோம்பி, வீட்டின் பக்கவாட்டுக் கதவால் கிணற்றடிக்குள் நுழைந்தேன். என் காலடியில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. மழை இல்லை. நிமிர்ந்தேன்.

யன்னலின் இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தன. விளிம்புக்கு வெளியே முடி தொங்கியது. கறுப்பு, மினுமினுப்பு, இரண்டு முழத்துக்கு மேல். நுனியிலிருந்து தண்ணீர் என் சுவரோரமாகச் சொட்டியது. அவள் உள்ளே கதிரையில் யன்னலுக்கு முதுகைக் காட்டிச் சாய்ந்திருந்தாள், உச்சந்தலை மட்டும் தெரிந்தது. காலை வெயில் அந்த முடி முழுக்க விழுந்தது. காற்று அதை மெல்ல எடுத்து எடுத்துப் போட்டது. அவ்வளவு அழகாக முடி காய்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சுவரின் ஈரக் கறை என்னவென்று அப்போதுதான் விளங்கியது. தெருவிலிருந்து பார்த்தால் அந்த யன்னல் தெரியாது. யாருடைய வளவிலிருந்தும் தெரியாது. என் முற்றத்திலிருந்து மட்டும்தான் தெரியும். பத்து மணிக்கு என் முற்றத்தில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில், ஈரத்தலையைக் கட்டிக்கொண்டு கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன். அவளைக் கூப்பிடவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன், காய்ச்சல் ஏறியது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அவள் மாப்பிள்ளை வருகிற சத்தம் கேட்டது. ஸ்காப்பைச் சரி செய்துகொண்டு வாசலுக்குப் போனேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு நான் கூப்பிட்டதும் மனிதர் மோட்டார் சைக்கிள் எஞ்சினை நிறுத்தக்கூட மறந்து நின்றார்.

"மச்சான், ஒண்டு கேக்கிறன், உள்ளதச் சொல்லுங்க. மேல அந்த யன்னல வெக்கச் சொன்ன நீங்கதானே?"

அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "நான் வாணாமெண்டுதான் சொன்னன், மச்சி. நாலடி தந்த ஆக்கள், அவங்கட முற்றம் தெரியுற மாதிரி வெக்கப்படாது எண்டு ரெண்டு தரம் சொன்னன். மேசனுக்கிட்டயும் சொன்னன். அவதான் கேக்கல்ல."

"நீங்க ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"அவ உங்களுக்கிட்ட என்ட பேரச் சொல்லியிருக்கா எண்டு பிறகுதான் தெரியும். அக்கா தங்கச்சிக்க நான் எப்பிடி வாற? நான் அந்த அறைக்குள்ள போறதே இல்ல, மச்சி. யன்னல் திறந்து கிடந்து உங்கட முற்றம் தெரிஞ்சிட்டாலும் எண்டு."

இரண்டு வருடம் என் பெயரைக் காப்பாற்ற அந்த மனிதர் தன் வீட்டில் ஒரு அறைக்குள் போகாமல் இருந்திருக்கிறார். நான் அவருக்கு ஒரு கோப்பை கஞ்சியில் கணக்குப் பார்த்திருக்கிறேன். "மன்னிச்சிக்கங்க மச்சான்," என்றேன். "அதெல்லாம் ஒண்டுமில்ல," என்று சொல்லி உள்ளே போனார்.

அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பக் கடைக்குப் போகும் வரை பொறுத்திருந்தேன். பிறகு அலுமாரிக்கு மேலே கிடந்த ட்ரையர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். என் நாலடியில் கட்டிய படிக்கட்டால் ஏறினேன். அவள் அதே கதிரையில் உட்கார்ந்து, காய்ந்த முடியைத் தளரப் பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மெத்தென்ற பழைய சாறன் ஒன்று மடித்துக் கிடந்தது. பெட்டியை அவள் மடியில் வைத்தேன்.

"இத ஏன் நீ பாவிக்கல்ல?"

"இது உங்களுக்கு வாங்கின..."

"நான் கேட்டது அதில்ல. நீ ஏன் பாவிக்கல்ல?"

பெட்டி திறந்துதான் இருந்தது. பின்பக்க வலையில் அந்த நீண்ட முடி இன்னும் சுற்றிக் கிடந்தது. நான் அதை இழுத்தெடுத்து அவள் பின்னலுக்குப் பக்கத்தில் பிடித்தேன். நுனி கருகிச் சுருண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்வது போலச் சொன்னாள்.

"எனக்கு ஒத்துவரல்ல, ராத்தா. ரெண்டு தரம் புடிச்சன், நுனியெல்லாம் கருகிட்டு."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். சட்டென்று கையால் வாயைப் பொத்தினாள். யன்னல் வைத்ததை நான் ஒருவேளை தாங்கியிருப்பேன். மாப்பிள்ளை மேல் பழி போட்டதையும், பயத்தில் சொல்லிவிட்டாள் என்று பொறுத்திருப்பேன். தன் முடியைக் கருக்கிய மெஷினைத் துடைத்துப் பெட்டியில் போட்டு எனக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்து தந்தாளே, அதை எந்தக் கணக்கில் வைப்பது? எத்தனை வெள்ளிக்கிழமை என் தலையைத் தன் மடியில் வைத்து அமர்த்திய கை அது.

நான் அறைக் கதவைச் சாத்தினேன். ஊசியைக் கழற்றினேன், ஸ்காப்பை எடுத்தேன், உள்தொப்பியையும் எடுத்தேன்.

அவள் எழும்பிவிட்டாள். பெட்டி கீழே விழுந்தது. என் கழுத்தைப் பார்த்தாள், முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தாள், மிச்ச முடி எங்கேயோ மடித்து வைத்திருக்கும் என்று தேடுகிறவளைப் போல. கை நீட்டினாள், தொடவில்லை. அழத் தொடங்கினாள். இந்தமுறை அந்த அழுகை உண்மைதான், எனக்கு அது தெரிந்தது. ஆனாலும் அவள் தலையைத் தடவ என் கை எழவில்லை.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே, ராத்தா," என்றாள். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"யன்னல அடைக்கச் சொல்றன். நாளைக்கே மேசனக் கூப்புர்றன். முடி வளரும்தானே, ராத்தா?"

நான் ஸ்காப்பைத் திரும்பக் கட்டி ஊசியைக் குத்தினேன்.

"ஓம்," என்றேன். "முடி வளரும்."